எண்ணெய்ப் பணத்துக்கு அஞ்சிய எண்ணெய் அமைச்சர்

எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் உருவாகக் காரணமாக இருந்தவர்களில் முதன்மையானவர் வெனிசுவேலாவின் ஹுவான் பாப்லோ பெரெஸ் அல்ஃபோன்சோ. தமது நாட்டின் எண்ணெய்க்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும் என்பதற்காக வாழ்நாள் முழுவதும் போராடியவர் அவர். ஆனால் அந்த விலை கிடைத்தபோது, அதனால் நாடு அழிந்துவிடும் என்று எச்சரித்தவரும் அவரே.

1903ஆம் ஆண்டு டிசம்பரில் தலைநகர் கராகஸில் அவர் பிறந்தபோது, வெனிசுவேலா காப்பியையும் கொக்கோவையும் விற்றுப் பிழைத்த நாடாக இருந்தது. 1922இல் மராக்கைபோ ஏரிப் பகுதியில் ஒரு கிணற்றிலிருந்து எண்ணெய் பெருமளவில் பீறிட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அந்நாடு உலகின் முன்னணி எண்ணெய் ஏற்றுமதியாளர்களில் ஒன்றாகிவிட்டது. அப்போது ஆட்சியிலிருந்த சர்வாதிகாரி ஹுவான் விசென்ட்டே கோமெஸ், எண்ணெய் எடுக்கும் உரிமங்களைத் தமது உறவினருக்கும் நண்பர்களுக்கும் வழங்கினார். அவர்கள் அவற்றை வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விற்றுச் செல்வந்தராயினர். பொதுச்சொத்தான எண்ணெய் ஆட்சியாளரின் சொந்தச் சொத்தைப் போலக் கையாளப்பட்டதைப் பார்த்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் பெரெஸ் அல்ஃபோன்சோ.

பாதிக்குப் பாதி

வழக்கறிஞரான அவர், ரோமுலோ பெட்டன்கூர் போன்றோருடன் சேர்ந்து 1941இல் ஜனநாயகச் செயல் கட்சியைத் தொடங்கினார். 1943இல் கொண்டுவரப்பட்ட எண்ணெய்ச் சட்டம் நாட்டுக்கு உரிய பங்கை உறுதி செய்யவில்லை என்று நாடாளுமன்றத்தில் வாதிட்டார். 1945இல் அவரது கட்சி ஆட்சிக்கு வந்தபோது, எண்ணெய்த் துறையும் உள்ளடங்கிய வளர்ச்சித்துறையின் அமைச்சரானார். எண்ணெய் நிறுவனங்களின் இலாபத்தில் குறைந்தது பாதியாவது அரசுக்குச் சேர வேண்டும் என்ற விதி 1948 நவம்பரில் சட்டமானது. இதே முறையை 1950இல் சவுதி அரேபியாவும் பின்பற்றியது.

சட்டம் நிறைவேறிய அதே மாதத்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. பல மாதங்கள் சிறையிலிருந்த அவர், பின்னர் வாஷிங்டனிலும் மெக்சிகோவிலும் அகதியாக எளிய வாழ்க்கை நடத்தினார். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உற்பத்திக்கு வரம்பு விதித்து விலை சரியாமல் காக்கப்பட்ட முறையை அக்காலத்தில் அவர் ஆழ்ந்து கற்றார்.

பாக்தாத் மாநாடு

1958இல் இராணுவ ஆட்சி வீழ்ந்தது. மறு ஆண்டு பெட்டன்கூர் அதிபரானபோது, பெரெஸ் அல்ஃபோன்சோ சுரங்க, எண்ணெய்த்துறை அமைச்சரானார். 1959இல் கெய்ரோவில் நடைபெற்ற அரபு எண்ணெய் மாநாட்டின்போது, சவுதி அரேபியாவின் அப்துல்லா தரிக்கியைச் சந்தித்துப் பேசினார். 1960 ஆகஸ்டில் பெரிய எண்ணெய் நிறுவனங்கள் தன்னிச்சையாக விலையைக் குறைத்தன. அடுத்த மாதமே ஈரான், இராக், குவைத், சவுதி அரேபியா, வெனிசுவேலா ஆகிய ஐந்து நாடுகளும் பாக்தாதில் கூடி ஒபெக்கை நிறுவின.

விலையை உயர்த்துவது மட்டுமே அவரது நோக்கமாக இருக்கவில்லை. எண்ணெய் ஒருமுறை எடுத்தால் தீர்ந்துவிடும் பொருள் என்பதால், குறைவாக எடுத்து வருங்காலத் தலைமுறைக்கும் மிச்சம் வைக்க வேண்டும் என்பதே அவரது கொள்கை. ஆனால் ஒபெக் உறுப்பு நாடுகள் உற்பத்தியைக் கட்டுப்படுத்த முன்வரவில்லை. ஏமாற்றமடைந்த அவர் 1963இல் பதவி விலகினார். அவரது வீட்டுத் தோட்டத்தில் துருப்பிடித்த பழைய கார் ஒன்று நின்றது. எஞ்சினில் எண்ணெய் இல்லாமல் ஓட்டப்பட்டதால் பாழான அந்தக் காரை, வீண்விரயத்தின் அடையாளமாக அவர் அங்கேயே விட்டுவைத்திருந்தார்.

வெள்ளமாய் வந்த பணம்

1973 அக்டோபருக்கும் 1974 ஜனவரிக்கும் இடையில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. 1974இல் பதவியேற்ற அதிபர் கார்லோஸ் அந்திரெஸ் பெரெஸும் ஜனநாயகச் செயல் கட்சியைச் சேர்ந்தவரே. மாபெரும் வெனிசுவேலாவை உருவாக்கப் போவதாக அறிவித்த அவரது அரசு, உருக்கு, அலுமினிய ஆலைகளில் பெரும் பணத்தைக் கொட்டியது. எண்ணெய் வருவாயும் போதாமல் வெளிநாடுகளில் கடன் வாங்கியது. 1976 ஜனவரியில் எண்ணெய்த்துறை நாட்டுடைமையாக்கப்பட்டது.

தாம் வளர்த்த கட்சியின் இந்தப் போக்கைப் பெரெஸ் அல்ஃபோன்சோ கடுமையாக எதிர்த்தார். உழைப்பின்றி வரும் பணம் விவசாயத்தை நலியச் செய்யும், இறக்குமதி மோகத்தையும் ஊழலையும் வளர்க்கும், அரசு நிர்வாகத்தை ஊதிப் பெருக்க வைக்கும் என்பது அவரது வாதம். 1976இல் வெளியான நூலில், எண்ணெயைச் சாத்தானின் கழிவாகவும் நாட்டை அதில் மூழ்கிக் கொண்டிருப்பதாகவும் அவர் வருணித்தார். செழிப்பில் திளைத்திருந்த நாடு அதைப் பொருட்படுத்தவில்லை. 1979 செப்டம்பரில் அவர் வாஷிங்டனில் காலமானார்.

நம்பிக்கை சரிந்த கதை

எண்ணெய் விலை சரிந்ததைத் தொடர்ந்து, 1983 பிப்ரவரியில் நாணய மதிப்பு வீழ்ந்தது. 1989இல் மீண்டும் அதிபரான கார்லோஸ் அந்திரெஸ் பெரெஸின் அரசு, கஜானாவில் பணமில்லை என்று கூறி பெட்ரோல் விலையை உயர்த்தியது. பேருந்துக் கட்டணமும் உயரவே கராகஸில் கலவரம் வெடித்தது. அதை இராணுவம் ஒடுக்கியதில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். இத்தனை ஆண்டு எண்ணெய்ப் பணம் எங்கே போனது என்ற கேள்விக்கு மக்களை நம்பவைக்கும் பதில் எவரிடமும் இல்லை. இரகசிய நிதியைக் கையாண்ட வழக்கில் 1993இல் பதவியிழந்த அந்த அதிபர், 1996இல் தண்டிக்கப்பட்டார்.

பழைய கட்சிகள் மீதான இந்த வெறுப்பே 1998 தேர்தலில் ஹூகோ சாவேஸை வெற்றிபெறச் செய்தது. அவரது ஆட்சியில் எண்ணெய் வருவாய் ஏழைகளின் கல்விக்கும் மருத்துவத்துக்கும் செலவிடப்பட்டது உண்மை. ஆயினும் 2005இல் உருவாக்கப்பட்ட வளர்ச்சி நிதியத்தின் பெரும் தொகைகள் வழக்கமான வரவு செலவுத் திட்டத்துக்கு வெளியே செலவாயின. 2014க்குப் பின் விலை மீண்டும் சரிந்தபோது சேமிப்பு கைகொடுக்கவில்லை. 1998இல் நாளொன்றுக்கு 30 இலட்சம் பீப்பாய்களைத் தாண்டியிருந்த உற்பத்தி, 2020இல் 5 இலட்சத்துக்கும் கீழே சென்றது. 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினர்.

மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் அரசு மக்களுக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். எண்ணெய்ப் பணத்தில் இயங்கும் அரசுக்கு அந்தக் கட்டாயம் குறைவு. அந்நிய நிறுவனங்களிடமிருந்து எண்ணெயை மீட்கத் தேவையான சட்டங்களைப் பெரெஸ் அல்ஃபோன்சோவால் இயற்ற முடிந்தது. சொந்த அரசிடமிருந்து அதைக் காக்கும் வழியை வெனிசுவேலா அவர் காலத்திலும் காணவில்லை, அவருக்குப் பின்னரும் காணவில்லை.