கைரேகைக்குக் கணக்குப் போட்டவர்

கைரேகையைக் கொண்டு குற்றவாளியைப் பிடிப்பதைத் திரைப்படங்களில் பார்க்கிறோம். அதன் பின்னால் ஒரு கணித மாணவர் இருந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் பெயர் காஜி அசிசுல் ஹக்.

1872-இல் வங்காளத்தின் குல்னா பகுதியில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் பயின்றார். வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்டு ஹென்றி கணக்கில் வல்ல மாணவர் ஒருவரைத் தேடியபோது, கல்லூரி முதல்வர் இவரைப் பரிந்துரைத்தார்.

ரேகையை எடுப்பது எளிது. குவிந்து கிடக்கும் ஆயிரக்கணக்கான தாள்களில் ஒன்றைத் தேடி எடுப்பதுதான் சிக்கல். ஹக் பத்து விரல்களை ஐந்து இணைகளாக்கினார். சுழி உள்ள விரலுக்கு, இணையின் வரிசைப்படி 16, 8, 4, 2, 1 என மதிப்புத் தந்தார். அந்தக் கூட்டுத்தொகைகளைக் கொண்டு தாள்கள் 32 வரிசை, 32 நிரல் என 1024 அறைகளில் அடங்கின. உடன் பணியாற்றிய ஹேம் சந்திர போஸ் இம்முறையை மேலும் நுட்பமாக்கினார். நில அளவைத் துறைத் தலைவரும் வேதியியல் அறிஞர் ஒருவரும் அடங்கிய குழு இதனை ஆராய்ந்து ஏற்றது. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் தொடங்கியது.

மறு ஆண்டே, ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் கொலையுண்டார். சந்தேகம் தோட்டத் தொழிலாளர்கள்மீதும் சமையல்காரர்மீதும் விழுந்தது. ஆனால், அங்கிருந்த பஞ்சாங்கத்தில் பதிந்திருந்த இரத்த ரேகை, முன்பே திருட்டுக்காகச் சிறை சென்ற பழைய வேலைக்காரனுடையது. நீதிமன்றம் அவனைத் திருட்டுக்காக மட்டுமே தண்டித்தது. தொழிலாளர்கள்மீது விழுந்த பழி நீங்கியது.

லுக்குட் தோட்டப்புறத்தில் வளர்ந்த எனக்கு இந்த வழக்கு பெரிதாகப்படுகிறது. பால்மரம் வெட்டிய என் பாட்டிக்குக் கைநாட்டு என்பது படிக்காதவர் என்ற முத்திரை. 1948-இல் மலாயாவில் வந்த அடையாள அட்டையிலும் பெருவிரல் ரேகை பதிந்தது. அதே ரேகை ஏழைத் தொழிலாளிக்குச் சாட்சியாகவும் நிற்கும் என்று காட்டியவர் ஹக்.

ஹென்றி 1900-இல் நூல் வெளியிட்டார். அதனால் உலகமே பயன்பெற்றது. முறைக்கோ ‘ஹென்றி முறை’ என்றே பெயர் நிலைத்தது. பின்னாளில் ஹக்குக்குக் கான் பகதூர் பட்டமும் 5000 ரூபாயும் கிடைத்தன. 1926-இல் ஹென்றியே அவரது பங்கை எழுத்தில் ஒப்புக்கொண்டார். 1935-இல் பீகாரின் மோதிஹாரியில் ஹக் மறைந்தார்.

நண்பர்களே, குற்றவியல் காவலருக்கு மட்டும் உரியதன்று. கணிதமும் வேதியியலும் சட்டமும் அங்கே கைகோக்கின்றன. நம் ஆய்வேடுகள் நூலக அடுக்குகளில் உறங்க வேண்டாம். தோட்டப்புறம்வரை சென்று சேரட்டும். சேரும்போது, உழைத்த ஒவ்வொருவரின் பெயரும் உடன் செல்லட்டும்.