போர்ட் நம்பர் கொடுத்த தாடிக்காரர்

முகத்துவாரக்குப்பத்துல போர்ட்னு சொன்னா காமராஜர் துறைமுகம், அங்க வந்து இறங்குற நிலக்கரி. நம்ம காலேஜ் கோடிங் பசங்ககிட்ட போர்ட்னு சொன்னா 4000. முகத்துவாரக்குப்பத்தையே மேப்பாக வெச்சு, பல பேர் ஒரே நேரத்தில் விளையாடுற எழுத்து ஆட்டம் ஒன்றை இந்த செமஸ்டர் எழுதிக்கிட்டு இருக்காங்க. படம் கிடையாது, சத்தம் கிடையாது. கிழக்கே போ என்று டைப் பண்ணினால் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் மணல்திட்டுக்கு வந்து நிற்பீர்கள். அவ்வளவுதான்.

இந்த மாதிரி சர்வரை சரிபண்ண உட்கார்ந்தால், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜான் போஸ்டல் எழுதிவைத்த ஏதோ ஒன்றில்தான் போய் முட்டுவோம். அவர் இறந்து 25 வருஷத்துக்கு மேல ஆச்சு.

1943 ஆகஸ்ட் 6-ல் கலிஃபோர்னியாவின் அல்டடீனாவில் பிறந்தவர். வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். வின்ட் செர்ஃப், ஸ்டீவ் குரோக்கர் இரண்டு பேரும் அதே பள்ளிதான். (ஒரே ஸ்கூல்ல இருந்து இத்தனை பேரா என்று நமக்கும் வயிறு எரியத்தான் செய்யுது.) மூன்று பேரும் பிறகு யூ.சி.எல்.ஏ.வில், லெனார்ட் கிளைன்ராக்கின் ஆய்வகத்தில் மறுபடி சேர்ந்தார்கள். இன்டர்நெட்டின் மூதாதையான ஆர்பாநெட்டின் முதல் கணினி அங்கேதான் இணைக்கப்பட்டது. 1969 அக்டோபர் 29 இரவு அங்கிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் கணினிக்குள் லாகின் செய்ய முயன்றார்கள். இரண்டு எழுத்து போய்ச் சேர்ந்தது. மூன்றாவதுக்கு அந்தப் பக்கத்து மெஷின் விழுந்துவிட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துதான் முழுசா உள்ளே போக முடிந்தது. டெமோ அன்னிக்கு சர்வர் படுத்துக்கிட்டா இதை நினைச்சு ஆறுதல் பட்டுக்கோங்க.

அந்த மாணவர்கள் தங்கள் யோசனைகளை எழுதிச் சுற்றுக்கு விட்ட குறிப்புகளுக்குப் பெயர் ஆர்.எஃப்.சி. ஆரம்பித்தவர் குரோக்கர். அதைத் தொகுத்துத் திருத்தும் வேலையை எடுத்துக்கொண்ட போஸ்டல் சாகும்வரை கீழே வைக்கவில்லை. 1972 மே மாதம் வந்த 349-ம் குறிப்பில், எந்தச் சேவைக்கு எந்த எண் என்று கொடுக்க ஒரு ஆள் வேண்டும், அது நானாகவே இருக்கட்டும் என்று பாதி விளையாட்டாக எழுதினார். அது வாழ்நாள் வேலையாகவே ஆகிவிட்டது. டெல்நெட்டுக்கு 23, மெயிலுக்கு 25 எல்லாம் அவர் பராமரித்த பட்டியலில் இருந்தவை. நம்ம பக்கத்துப் பழவேற்காட்டில் பாடு முறை இருக்கிறதே, யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைப்பது, கிட்டத்தட்ட அது மாதிரி. சர்க்கார் சட்டம் போட்டு வந்ததில்லை. எல்லாரும் ஒத்துக்கிட்டதால நடந்தது.

1974-ல் முனைவர் பட்டம். 1977-ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஐ.எஸ்.ஐ. நிறுவனத்தில் சேர்ந்து கடைசிவரை அங்கேயே இருந்தார். டி.சி.பி. அப்போது ஒரே மூட்டையாக இருந்தது. பாக்கெட்டுக்கு வழிகாட்டும் வேலை வேறு, வரிசை குலையாமல் சேர்க்கும் வேலை வேறு, இரண்டையும் பிரிக்கணும் என்று 1977 ஆகஸ்டிலேயே அழுத்தி எழுதியவர் அவர். 1981 செப்டம்பரில் ஐ.பி., டி.சி.பி. ஆவணங்கள் அவர் தொகுப்பில் தனித்தனியாக வந்தன. அதற்குள் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா 1978-ல் ஆரம்பித்து, ரிச்சர்ட் பார்ட்டில் தொடர்ந்த மட் என்ற எழுத்து ஆட்டம் பிறந்து, 1980-லேயே ஆர்பாநெட் வழியாக வெளியாட்களையும் உள்ளே விட்டிருந்தது. 1983 மே மாதம் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் டெல்நெட்டுக்கான 854-ஐ வெளியிட்டார்கள்.

இப்ப நம்ம சர்வருக்கு வருவோம். ஒருத்தர் புட்டியில் டெல்நெட் முறையில் கனெக்ட் பண்றார். பெயரைக் கேட்கும் முன்பே 255, 251, 31 என்று மூன்று பைட் வந்து விழும். குப்பை இல்லை, 854-ன் பேச்சு. 255 என்றால் அடுத்து வருவது கட்டளை. 251 என்றால் நான் இதைச் செய்யத் தயார். 31 என்பது திரையின் அளவு. வேண்டாம் என்றால் 255, 254, 31 என்று மரியாதையாகத் திருப்பிச் சொல்லணும். பாஸ்வேர்டை மறைப்பதும் இப்படித்தான். நீ டைப் பண்றதை நானே திருப்பிக் காட்டுறேன் என்று சர்வர் வாக்குக் கொடுக்கும் (255, 251, 1). கொடுத்துவிட்டுக் காட்டாது. எழுத்து ஆட்டங்கள் காலங்காலமாகச் சொல்லும் பொய் இது.

அடுத்தது, பதிந்த பெயரையே அடித்தும் ஆள் இல்லை என்று சொல்லும் பக். வரி முடிவில் சில க்ளையன்ட் 13, 10 இரண்டையும் அனுப்பும், சிலது 10 மட்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த 13 பெயரோட வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் தமிழ். வ என்ற ஒரு எழுத்து யூ.டி.எஃப்-8-ல் 224, 174, 181 என்று மூன்று பைட். டி.சி.பி. பைட்டுகளை வரிசையாகச் சேர்க்குமே தவிர, நம்ம எழுத்து எங்கே முடியுது என்று அதுக்குத் தெரியாது. இரண்டு பைட் இப்போதும் ஒன்று அப்புறமும் வரலாம். 10 வரும்வரை சேர்த்துவைக்காமல் அச்சடித்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒரு நல்ல விஷயம், யூ.டி.எஃப்-8-ல் 255 வரவே வராது. அதனால் தமிழும் டெல்நெட் கட்டளையும் மோதிக்காது.

அனுப்பும்போது கட்டுப்பாடாக இரு, வாங்கும்போது தாராளமாக இரு. போஸ்டல் டி.சி.பி. ஆவணத்தில் வைத்த கொள்கை இது. வரி முடிவு விஷயத்தில் இதைத்தான் பண்ணணும். ஆனால் அப்படியே எல்லாத்துக்கும் எடுத்துக்கக் கூடாது என்று எனக்குத் தோணுது. வரியை முடிக்காமலே ஒருத்தன் மெகாபைட் கணக்கில் அனுப்பிக்கிட்டே இருந்தால், தாராள சர்வர் மெமரி தீர்ந்து செத்துப்போகும். வரிக்கு ஒரு அதிகபட்ச நீளம் வைத்தே ஆகணும். ஒருவரை ஒருவர் தெரிந்த சில நூறு கணினிகள் இருந்த காலத்து ஊர் வழக்கம் அது.

அந்த வழக்கம் அவரையே ஒருமுறை சோதித்தது. நாடுகளுக்கான டொமைன் எழுத்துகள் அவர் கையில்தான் இருந்தன. நம்ம .இன் 1989-ல் பதிவானது. எது நாடு என்று தீர்மானிப்பது தன் வேலை இல்லை, ஐ.எஸ்.ஓ. பட்டியலில் இருந்தால் போதும் என்பது அவர் நிலை. 1998 ஜனவரி 28 அன்று, பெயர் சர்வர்களின் தலைமை சர்வரைப் பார்க்க வேண்டாம், என் கணினியைப் பாருங்கள் என்று, மற்ற 12 மூல சர்வர்களை நடத்தியவர்களில் 8 பேருக்கு மெயில் அனுப்பினார். எட்டு பேரும் கேள்வி கேட்காமல் மாற்றினார்கள். அமெரிக்க அரசு கொதித்தது. வெறும் சோதனைதான் என்று சொல்லிப் பழையபடி மாற்றிவிட்டார். சோதனையா, எதிர்ப்பா என்ற சண்டை இன்னும் ஓயலை. ஒரு மெயிலுக்கு இவ்வளவு மதிப்பு இருந்ததுதான் எனக்குப் பெரிசாப் படுது. நம்பிக்கைக்கு அது அழகு. ஆபத்தும் அதுதான்.

அந்தப் பொறுப்பை ஏற்க ஐகான் என்ற அமைப்பு அதே செப்டம்பரில் உருவானது. அடுத்த மாதம், அக்டோபர் 16, இதய அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கலில் போஸ்டல் இறந்தார். வயது 55. பள்ளித் தோழர் செர்ஃப் எழுதிய அஞ்சலி, போஸ்டல் இத்தனை வருஷம் திருத்திய அதே தொடரில், 2468 என்ற எண்ணோடு வந்தது. தொடர் இப்போது 9000-ஐத் தாண்டிவிட்டது. டி.சி.பி. ஆவணத்துக்கே 2022-ல் புது எண் வந்தாச்சு. 854 மட்டும் அதே 1983 மே மாத எண்ணில் நடப்பில் இருக்கு. சின்னது, ஒரு சாயங்காலத்தில் படிச்சிடலாம். 255-ல் சிக்கின சர்வரைக் கையில் வெச்சுக்கிட்டுப் படிச்சா இன்னும் சீக்கிரம் புரியும்.