திருக்கச்சி நம்பிகள்

பொருளீட்டுதல் வைசியர்க்கு உரிய தொழில் என்பது யாவரும் அறிந்ததே. ஈட்டிய பொருள் எதன்பொருட்டு என்பதையும், பின்வரும் இளைஞரை எங்ஙனம் நடத்துவது என்பதையும் வாழ்ந்து காட்டியவர் நம் மரபில் உதித்த திருக்கச்சி நம்பிகளாவர்.

பூந்தமல்லி என வழங்கும் பூவிருந்தவல்லியில், 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர் அவதரித்தார். தந்தையார் தம் செல்வத்தை மக்களுக்குப் பகிர்ந்தளித்தபோது, தமையன்மார் தத்தம் பங்கை வாணிகத்திலிட்டுப் பெருக்கினர். இவரோ நந்தவனம் வைத்தார். முதல் அழிந்ததென்று தந்தையார் வருந்தினார் என்பர் ஊரார். ஆயினும் அம்முதல் அழிந்திலது. வேரைக் காத்து மலரை மட்டும் கொய்வோர்க்குத் தோட்டம் நாடோறும் பயன் தரும். வேரைப் பறித்து விற்பார்க்கு ஒருநாள் வாணிகமே உண்டு.

அம்மலர்களைச் சுமந்து காஞ்சிக்கு நடந்து, தேவப்பெருமாளுக்குச் சாத்தி, ஆலவட்டம் வீசுதலை நம்பிகள் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். அவ்வழியிலுள்ள ஸ்ரீபெரும்பூதூரில் 1017-இல் பிறந்தவர் இராமானுசர். தம் ஆசிரியராகிய யாதவப்பிரகாசரை விட்டு நீங்கிய அவ்விளைஞர், நம்பிகளை அடைந்து வழி வேண்டினார். நம்பிகள் நீண்ட உபதேசம் எதுவும் செய்தாரில்லை. சாலைக் கிணற்றினின்று நாடோறும் பெருமாளுக்குத் தீர்த்தம் கொணருமாறு பணித்தார். கல்வியிற் சிறந்தவர்க்கு முதலிற் கிடைத்த பாடம் குடம் சுமத்தலே.

பின்னர் இராமானுசர் நம்பிகளையே குருவாகக் கொள்ள விழைந்தார். நம்பிகள் வருணமுறை காட்டி மறுத்தார். நம்பிகள் அமுது செய்த இடத்தை இராமானுசரின் மனைவியார் தீட்டெனக் கருதித் தூய்மை செய்ததும் குருபரம்பரை கூறும் செய்தியே. நம் மரபினர் இதனை மறைத்தல் வேண்டா. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்த அக்கொடுமை நம்பிகளின் பெருமையைக் குறைத்ததில்லை. கற்பித்தவர்க்கே அது இழுக்கு. இராமானுசர் மனம் நொந்ததும் அதனாலன்றோ?

அவர் உள்ளத்திலிருந்த ஐயங்களை நம்பிகள் பெருமாளிடம் விண்ணப்பித்து ஆறு வார்த்தைகளாக விடை பெற்றுத் தந்தார் என்பது மரபு. அவற்றுள் ஒன்று, பெரிய நம்பிகளை ஆசிரியராக அடைக என்பது. தம்மை நாடி வந்தவரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ளாது, தக்கார்பால் அனுப்பினார். மதுராந்தகத்தில் பெரிய நம்பிகளைக் கண்டு அடைக்கலம் புகுந்த இராமானுசர், உலகம் போற்றும் ஆசாரியரானார்.

இன்றும் பூந்தமல்லி வரதராசப் பெருமாள் கோயிலில் நம்பிகளுக்குச் சந்நிதி உண்டு. ஆங்குச் சென்று வணங்கும் வணிகப் பெரியோர் தம்மை ஒன்று வினவிக்கொள்ளல் நலம்: நம் கடையிற் பயிலும் பிள்ளை, என்றும் நம் நிழலில் நிற்கவோ, நம்மினும் உயரவோ நாம் அவனைப் பழக்குகின்றோம்? நம்பிகள் வைத்த முதல் பெருகியது இரண்டாவது வழியிலேதான்.