பெரியாரும் ஒரு மருந்துச் சீட்டும்

இருபது வயதில், மாதவிடாய்க் கோளாறுக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டுடன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மருந்தகத்துக்குப் போனேன். சீட்டில் இருந்தது கருத்தடை மாத்திரை. முகப்பில் நின்றவர் முதலில் என் கழுத்தைப் பார்த்தார். பிறகு, திருமணம் ஆகிவிட்டதா என்று வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார். மாத்திரை வாங்காமலே திரும்பிவிட்டேன். இன்று கிள்ளானில் நானே மருந்தாளர். அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் தந்தை பெரியாரும் நினைவுக்கு வருகிறார்.

ஈ.வெ.ராமசாமி 1879 செப்டம்பர் 17இல் ஈரோட்டில் ஒரு வணிகக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு சில ஆண்டுகளோடு நின்றது. 1898இல் நாகம்மையாரை மணந்தபோது அவருக்கு வயது 19, நாகம்மையாருக்கு 13. அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண் குழந்தை ஐந்தே மாதத்தில் இறந்தது. தங்கை மகள் சிறுமியாக இருந்தபோதே விதவையானாள். உறவினர் எதிர்ப்பை மீறி 1909இல் அவளுக்கு மறுமணம் செய்து வைத்தார். பெண்களின் துயரத்தை அவர் முதலில் கண்டது தம் வீட்டிலேயே.

1925இல் குடி அரசு இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் காங்கிரசை விட்டு விலகி, சுயமரியாதை இயக்கத்தை வளர்த்தார். 1929 டிசம்பரில் நாகம்மையாருடன் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தார். பினாங்கு தொடங்கி சிங்கப்பூர் வரை நம் முன்னோர் அவரை நேரில் கேட்டார்கள்.

அக்காலத்தில் கர்ப்பத்தடை பற்றி வெளியில் பேசுவதே அவமானம். பேசிய சிலரும் தாயின் உடல்நலம், குடும்ப வறுமை, நாட்டின் மக்கள்தொகை ஆகியவற்றையே காரணமாகக் காட்டினார்கள். பெரியார் வேறொரு காரணம் சொன்னார். இடைவிடாத பிள்ளைப்பேறு பெண்ணின் கல்வியையும் தொழிலையும் சுதந்திரத்தையும் பறிக்கிறது. ஆகவே பெறுவதா, எப்போது பெறுவது என்பதை அவளே முடிவு செய்ய வேண்டும் என்று எழுதினார். பெண் ஏன் அடிமையானாள் என்ற அவருடைய நூலில் கர்ப்பத்தடைக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. 1938 நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடுதான் அவருக்குப் பெரியார் என்ற பட்டத்தை வழங்கியது.

1952இல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கியது. 1960இல் அமெரிக்காவில் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. 1966இல் மலேசியா தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியத்தை அமைத்தது. இவை அனைத்தும் நடந்த பிறகே, 1973 டிசம்பர் 24இல், தம் 94ஆம் வயதில் பெரியார் மறைந்தார்.

இன்று நம் நாட்டில் கருத்தடை மாத்திரை, 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின்கீழ் சி பிரிவு மருந்து. பதிவு பெற்ற மருந்தாளர், மருத்துவர் சீட்டு இல்லாமலும் அதை வழங்கலாம். ஆனால் சட்டம் திறந்துவிட்ட கதவை ஒரு பார்வையே மூடிவிடும். அதை நான் அனுபவித்திருக்கிறேன்.

மருந்தாளர் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு: இரத்த அழுத்தம் எவ்வளவு? புகைப்பழக்கம் உண்டா? ஒற்றைத் தலைவலி வருமா? இரத்தம் உறைந்த வரலாறு உண்டா? வேறு மருந்து எடுக்கிறீர்களா? உடலுக்குப் பாதுகாப்பானதா என்று அறிய இவை தேவை. கழுத்தில் தாலி இருக்கிறதா என்பது இந்தப் பட்டியலில் இல்லை.

சென்ற வாரம் ஒரு மாணவி சீட்டை மடித்துக் கையில் வைத்தபடி தயங்கி நின்றாள். உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். இரத்த அழுத்தத்தைப் பார்த்தேன். மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று விளக்கினேன். வாங்கிக்கொண்டு போனாள்.