நிலத்தில் வரைந்த நேர்கோடு

ஆய அச்சுகளுக்கு இணையாக அமையாத இரு கோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாயின், அவற்றின் சாய்வுகளின் பெருக்கற்பலன் −1 ஆகும். இவ்விதியைக் கொண்டு தாளில் ஒரு செங்குத்துக்கோட்டை நொடியில் வரைந்துவிடலாம். மலையும் காடும் ஆறும் நிறைந்த தென்னிந்தியாவின்மேல் அத்தகைய கோடுகளை அளந்து அமைக்கத் தம் வாழ்நாளை ஈந்தவர் வில்லியம் லாம்ப்டன்.

இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்த லாம்ப்டன், படை அலுவலராக இந்தியா வந்தார். 1799ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணப் போரில் பங்கேற்றார். போர் முடிந்தபின், கீழைக்கடற்கரை முதல் மேலைக்கடற்கரை வரை நிலத்தை முக்கோணங்களாகப் பகுத்து அளக்கும் திட்டத்தைச் சென்னை அரசிடம் முன்வைத்தார். முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் ஏனைய பக்கங்களைக் கணக்கிடலாம்; அவையே அடுத்த முக்கோணங்களுக்கு அடிப்படையாகும். எனவே, முதற்கோட்டில் நேரும் சிறு பிழையும் அளவை முழுவதையும் தொடரும்.

அம்முதற்கோட்டை 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். அவர் கையாண்ட 100 அடி எஃகுச் சங்கிலி கோடை வெயிலில் நீளும். ஆதலால் வெப்பமானிகளை வைத்து அதற்குரிய திருத்தம் செய்தார். நிலம் சரிந்த இடங்களில் சங்கிலி காட்டும் நீளம் கிடைமட்ட நீளத்தைவிட மிகும். ஆதலால் சரிவின் கோணத்தையும் அளந்து, மிகுதியைக் கழித்தார்.

பின்னர், வடக்குத் தெற்காகச் செல்லும் தீர்க்கக்கோட்டின் வழியாகவும் அதற்குச் செங்குத்தான கிழக்கு மேற்குத் திசையிலும் முக்கோணங்கள் விரிந்தன. மேற்கு நோக்கிய அளவை மங்களூரை எட்டியபோது, தீபகற்பத்தின் அகலம் அதுவரை கருதியதுபோல் 400 மைல் அன்று, 360 மைலே எனத் தெளிவாயிற்று.

1808இல் அவருடைய பணிக்குப் பெருஞ்சோதனை நேர்ந்தது. தஞ்சைச் சமவெளியில் குன்றுகள் இல்லை. தோப்புகள் பார்வையை மறைத்தன. ஆதலால் ஏறத்தாழ அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமானியைப் பெரியகோயில் விமானத்தின்மேல் ஏற்ற முயன்றனர். கயிறு அறுந்தது, கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் உருக்குலைந்தது. அவ்வட்டத்தைக் கொண்டு அளந்தால் ஒவ்வொரு கோணமும் பிழையாகும். லாம்ப்டன் மனந்தளரவில்லை. கூடாரத்தினுள் தனித்திருந்து, ஆறு வாரங்கள் மரச்சுத்தியலால் சிறிது சிறிதாகத் தட்டி, வட்டத்தை மீண்டும் வட்டமாக்கினார். அக்கருவி அதன்பின்னும் பல ஆண்டுகள் பயன்பட்டது.

1818இல் இப்பணி இந்தியப் பெரும் முக்கோண அளவை எனப் பெயர் பெற்றது. முதுமையிலும் கூடாரத்தைவிட்டு நீங்காத லாம்ப்டன், 1823 ஜனவரி 20 அன்று, இன்றைய மகாராட்டிரத்தின் இங்கன்காட்டில், அளவைப் பயணத்தின் இடையே மறைந்தார். அவருக்குப்பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அக்கோட்டை இமயமலை அடிவாரம் வரை கொண்டு சென்றார். உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரத்தை 1852இல் இராதாநாத் சிக்தார் கணித்தது அப்பணியின் தொடர்ச்சியே. பரங்கிமலையின் அடியில் ஒரு சங்கிலியின் நீளத்தைத் திருத்தியவரின் கவனம், இமயத்தின் உச்சியை அளக்கவும் வழிவகுத்தது.