வைத்தியர் அலோயிஸ் அல்சைமர்

பெற்ற மக்களையே இன்னாரென்று அறியாது மயங்கும் முதியோரை நாம் பல இல்லங்களிற் காண்கின்றோம். அந்நோய்க்குப் பெயராய் நின்ற ஜெர்மானிய வைத்தியரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அலோயிஸ் அல்சைமர் 1864-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் பவேரியாவிலுள்ள மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெர்லின், டூபிங்கன், வூர்ஸ்பர்க் நகரங்களிற் பயின்று 1887-இல் வைத்தியப் பட்டம் பெற்றார். அதற்கு அவர் ஆராய்ந்த பொருள் காதிற் குறும்பி சுரக்கும் சுரப்பிகளேயாம்! மறு ஆண்டிற் பிராங்க்பர்ட் நகரத்துச் சித்தப்பிரமை வைத்தியசாலையில் அமர்ந்தார். மூளையின் நாடிகள் தடித்து இறுகுவதால் அறிவு குன்றுமாற்றை முதற்கண் ஆராய்ந்தார்.

1901-ஆம் ஆண்டு அவர்க்குக் கொடியது. மூன்று மக்களை விட்டு மனைவியார் மாண்டார். அவ்வாண்டு நவம்பரிலேயே 51 வயதுள்ள மாது ஒருத்தி அவரிடம் கொணரப்பட்டாள். தன் பெயரை எழுதத் தொடங்கி இடையிலே மறந்துவிடுவாள். மூப்பு வாராமுன் இம்மறதி வந்ததென்னை என்று அவர் வியந்தார். 1906-இல் அவள் இறந்தபோது அவர் மியூனிக்கில் கிரெப்பலினிடம் பணியாற்றிவந்தார். மூளை அங்கே அனுப்பப்பட்டது. வெள்ளிச் சாயமேற்றி நோக்கியபோது, உயிரணுக்களுள் முறுக்குண்ட இழைகளும், வெளியே சிறு படிவுகளும் தோன்றின. பெரிய நாடிகள் தடித்திருந்ததையும் அவர் குறிக்கத் தவறவில்லை. அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் சபையில் இதனை எடுத்துரைத்தார். கேட்டோருள் ஒருவரும் ஒரு வினாவும் எழுப்பவில்லை. 1910-இல் கிரெப்பலின் தம் நூலில் அந்நோய்க்கு அல்சைமர் பெயரையே இட்டார்.

நாடிகளைப் பற்றிய குறிப்பைப் பின்வந்தோர் பலர் நெடுங்காலம் பொருட்படுத்தாதது எமக்கு வருத்தமே. மூளை உடலெடையில் நூற்றுக்கு 2 பங்கேயாயினும், உடல் கொள்ளும் பிராணவாயுவில் 20 பங்கை உண்பது. சேமித்து வைக்கும் களஞ்சியம் அதற்கு மிகச் சிறிது. சர்க்கரையும் வாயுவும் நொடிதோறும் இரத்தத்தோடு வந்தே தீரவேண்டும். இந்நோயாளரின் மூளையிற் பக்கப் பகுதிகள் சர்க்கரையைக் குறைவாகவே செலவிடுகின்றன என்பது 1980-க்குப் பின் படமெடுத்துக் காணப்பட்டது. 1984-இல் அமெரிக்காவிற் கிளென்னர் என்பவர் படிவின் புரதத்தைப் பிரித்தெடுத்தபோதும், மூளையுறையின் இரத்தக்குழாய்களிலிருந்தே எடுத்தார். குழாய் கெட்டு மூளை பசித்ததோ, மூளை கெட்டுப் பசி குறைந்ததோ என்னும் வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

1912-இல் பிரெஸ்லௌ சர்வகலாசாலை அவரைப் பேராசிரியராக அழைத்தது. செல்லும் வழியிலேயே நோயுற்றார். பின்னர் முற்றும் தேறவில்லை. 1915 டிசம்பர் 19-ஆம் நாள் அங்கே உயிர் நீத்தார். அம்மாது அவரிடம் வந்தபோது இருந்த அதே 51 வயதுதான் அவர்க்கும் அப்போது. பிராங்க்பர்ட்டில் மனைவியாரின் அருகே அவரை அடக்கம் செய்தனர்.