ஹெலன் கெல்லர் விளையாடிய கதை

ஹெலன் கெல்லர் 1880 ஜூன் 27-ல் அமெரிக்காவில் பிறந்தார். 19 மாதத்தில் வந்த காய்ச்சலில் கண்ணும் போச்சு, காதும் போச்சு. ஆசிரியை ஆன் சல்லிவன் அவர் உள்ளங்கையில் விரலால் எழுத்துக் கூட்டிப் பாடம் சொன்னது நமக்குத் தெரியும். எனக்குப் பிடிச்சது அவர் விளையாடின கதைதான். அவருடைய செஸ் பலகையில் கட்டமெல்லாம் குழியாக இருக்கும். தடவினாலும் காய் சாயாது. வெள்ளைக்காய் பெரிசு, கறுப்பு சிறிசு. எதிராளி காயைக் குழி மாற்றினால் பலகை அதிரும், உடனே தன் முறை என்று தெரிந்துகொள்வார்! இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிளில் போவார். படகில் துடுப்புப் போடுவார். அல்லி வாசனை, கரைச்செடி வாசனையை வைத்தே திசை பார்ப்பார். 1968-ல், 87 வயதில் இறந்தார்.

எங்க தெருவில் கண் தெரியாத ஒரு அக்கா திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பாங்க. அவங்களுக்காகத் தாயக்கட்டத்துக் கோட்டுக்கெல்லாம் சணல் ஒட்டிக்கிட்டிருக்கேன். சோழி, தடவினாலே தெரியும்.